கிணறும் மூச்சு விடும்



ஆடி, ஆவணி பிறந்தால் எங்கள் தீவுப்பகுதிக் கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கிணறு இறைத்துச் சேறு அள்ளுவதற்கு அதுதான் தோதான காலம். அதிலும் புங்குடுதீவைப் போன்ற இடங்களில் இந்த வேலைக்கு இன்னொரு கனதியும் உண்டு. 1991 ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு ஆளில்லாமல் போன வளவுகளில் எத்தனையோ கிணறுகள் தூர்ந்து, கட்டு இடிந்து, ஆலும் அரசும் முளைத்துக் கிடந்தன. ஊருக்குத் திரும்பியவர்களும், கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் அவர்களின் உறவுகளும் இப்போது ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறார்கள். பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்று அலுத்த பெண்களுக்குத்தான் ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றின் பெறுமதி தெரியும்.

மடத்துவெளியில் ஒரு மாதர் கூட்டத்தில், இப்படி ஒரு கிணற்றுத் திருத்தத்துக்கான செலவுப் பட்டியலை ஒரு சகோதரி என்னிடம் காட்டினார். சீமெந்து, கல், மெசின் வாடகை, இரண்டு பேருக்குக் கூலி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. "இறங்குகிற ஆளுக்குக் கயிறு?" என்று கேட்டேன். "வாளிக் கயிறு கிடக்குதுதானே அக்கா" என்றார். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாச்சி குறுக்கிட்டார். "பிள்ளை, பாழ்கிணத்துக்குள்ள முனி இருக்கும். உச்சிப்பொழுதில இறங்கப்படாது. எங்கட சின்ன வயசில இறங்கின ஒரு மனுசன் சத்தமில்லாமல் விழுந்து போனவர்" என்றார். இளம் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாச்சி சொன்ன காரணத்தைத் தள்ளி வைத்தாலும், அவர் சொன்ன சம்பவம் உண்மையாகவே நடக்கக்கூடியது. இன்றைக்கும் நடக்கிறது.

நான் படித்தது சமூகவியல். கிணற்றுக்குள் காற்று எப்படிக் கெடுகிறது என்பதை அறிய, உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையிடம் போனேன். அவர் கேட்ட முதற் கேள்வி: "நீர் பிட்டு அவிப்பீரோ?"

பிட்டு அவிக்காத யாழ்ப்பாணத்துப் பெண் யார்? மாவை நீர் தெளித்துக் குழைத்து, கொத்தி உதிரியாக்கி, நீத்துப்பெட்டிக்குள் அமத்தாமல் போடுகிறோம். கீழே பானையில் தண்ணீர் கொதிக்க, ஆவி ஓலை இடுக்கு வழியாக ஏறி, மா மணிகளுக்கு இடையேயுள்ள சின்னச் சின்ன வெளிகளுக்குள் புகுந்து மேலே வருகிறது. மாவைக் கையால் அமத்திவிட்டால் என்ன நடக்கும்? ஆவி ஏறாது, நடுவில் வெள்ளை மாவாகவே இருக்கும். தண்ணீர் கூடிக் களியாகிவிட்டாலும் அதே கதைதான். பானை சரியாகக் கொதிக்காவிட்டாலும் ஆவிக்குத் தள்ளுபலம் காணாது.

நுண்டுளைகள் உள்ள ஒரு பொருளுக்கூடாக வாயு போகும் விதம் முழுவதும் இந்த நீத்துப்பெட்டிக்குள் இருக்கிறது என்றார் ஆசிரியை. துளைகள் இருந்தால் மட்டும் போதாது, அவை ஒன்றோடொன்று தொடுத்திருக்க வேண்டும். ஈரம் துளையை அடைக்கும். ஒரு பக்கத்தில் அமுக்கம் கூடவும் மறுபக்கத்தில் குறையவும் இருந்தால் வாயு ஓடும். ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சு எந்திரி, டிஜோன் நகரத்தின் தண்ணீர் விநியோகத்துக்காக மணலுக்கூடாகத் தண்ணீரை ஓடவிட்டு அளந்து, 1856 இல் இதை ஒரு விதியாக எழுதினார். அமுக்க வேறுபாடு இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்கு. மணல் படை இரண்டு மடங்கு தடிப்பானால் ஓட்டம் பாதி. அவர் அளந்தது தண்ணீரை. காற்றோ தண்ணீரைவிட ஏறத்தாழ 50 மடங்கு இளக்கமாக ஓடக்கூடியது. தண்ணீர் கசிந்து போகும் கல்லுக்குள் காற்றுக்கு என்ன தடை இருக்கப் போகிறது?

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். தீவுகளில் முருகைக்கல்லும் சேர்ந்திருக்கும். கிணறு வெட்டும்போது வரும் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள்; தேன்கூடு மாதிரி ஓட்டை. குடாநாடு முழுவதும் அப்படித்தான், நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தக் கல்லின் உள் வழிகளால் உண்டானவை. இந்த ஓட்டைக் கல்லால் ஒரு வளவில் நடப்பது அடுத்த வளவுக்கும் போய்விடும். சுன்னாகம் மின்நிலையப் பகுதியில் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளில் மிதந்ததையும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபா கட்டும்படி தீர்ப்பளித்ததையும் நாம் மறக்கவில்லை. எண்ணெய் போன வழி எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. வாயு போகும் வழி தெரிவதில்லை.

கிணறு என்பது இந்த ஓட்டைக் கல்லின் நடுவில் நாம் திறந்து வைத்த ஒரு வாய். சுற்றியுள்ள நிலத்துக்குள் இருக்கும் காற்று அந்த வாயால் உள்ளே போகும், வெளியே வரும். வானிலை அறிக்கையில் மில்லிபார் என்று சொல்கிறார்களே, அதுதான் வெளிக்காற்றின் அமுக்கம். எங்கள் பக்கத்தில் அது 1010 ஐ ஒட்டி நிற்கும். அது கூடினால் வெளிக்காற்று நிலத்துக்குள் தள்ளப்படும். குறைந்தால் நிலத்துக்குள் இருந்த காற்று கிணற்றுக்குள் வரும். வெப்ப நாடுகளில் இந்த அமுக்கம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணியளவில் உச்சத்துக்குப் போய், பின்னேரம் 4 மணியளவில் மிகவும் தாழும்; இரவிலும் அதேபோல் ஒரு சுற்று. வேறுபாடு 3 மில்லிபார் அளவுதான். ஆனாலும் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்துக்குள் 100 கன மீற்றர் காற்று இருந்தால், அதில் ஏறத்தாழ 300 லீற்றர் வெளியே வந்தாக வேண்டும். புயற்சின்னம் வந்து அமுக்கம் 20 மில்லிபார் விழுந்தால் 2000 லீற்றர் வரும். அகலமான ஒரு கிணற்றின் அடியில் அது முழங்காலுக்கு மேல் நிற்கக் காணும்.

காலை 10 மணியில் இருந்து பின்னேரம் 4 மணி வரை நிலம் மூச்சை வெளியே விடும் நேரம். அம்மாச்சியின் உச்சிப்பொழுது இந்த நேரத்துக்குள்தான் விழுகிறது. முனிக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை! எத்தனையோ கிணறுகளைப் பார்த்துப் பழகிய மனிதர்கள் நேரத்தைக் கவனித்து, காரணத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கலாம் என்பது என் ஊகம். ஒரு பழைய எச்சரிக்கையைக் கேட்டவுடன் சிரிக்காமல், அது எதைக் காத்தது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

மழைக்குப் பிறகு இன்னொரு சங்கதி உண்டு. மேல்மண் நனைந்து களியானால், களியான பிட்டு மாவில் ஆவி ஏறாததைப்போல, நிலத்துக்குள் இருக்கும் வாயுவுக்கு மேல்வழி அடைபட்டுப் போகும். இறங்கும் மழைத் தண்ணீர் அதைக் கீழேயும் பக்கவாட்டிலும் தள்ளும். கல்லின் வெடிப்பு வழியாக அது தேடிப்போகும் வாசல் எது? உங்கள் கிணறுதான். வெள்ளத்துக்குப் பின் அவசரமாகக் கிணறு இறைக்க நிற்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சரி, வெளியே வருவது வெறும் காற்றென்றால் யாருக்கு என்ன? அது வெறும் காற்றல்ல. நிலத்துக்குள் வேரும் மூச்சு விடுகிறது, உக்கும் சருகிலும் சாணத்திலும் கிருமிகள் வேலை செய்கின்றன. அவை ஒட்சிசனை எடுத்துக்கொண்டு காபனீரொட்சைட்டை விடுகின்றன. வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 வீதம் அளவில்தான் இருக்கிறது. மண்ணுக்குள் அதைப்போல் பத்து மடங்காகவும் நூறு மடங்காகவும் இருக்கும். சுண்ணாம்புக்கல் நாட்டில் தண்ணீரும் இந்த வாயுவைச் சுமக்கிறது. சான்று உங்கள் குசினியில் இருக்கிறது. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிந்து, சுரண்டினாலும் போகாத அந்தப் படையைப் பாருங்கள். மழை நீர் மண்ணுக்குள் காபனீரொட்சைட்டை வாங்கி, அதன் புளிப்பால் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கொதிக்க வைத்தவுடன் வாயு பறந்துவிட, கல் மட்டும் கேத்தலில் மிஞ்சுகிறது.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம். கிணற்றின் அடியில் கிடக்கும், தானாக ஏறி வராது. அமுக்கம் தள்ளாவிட்டாலும் வாயுக்கள் ஒன்றுக்குள் ஒன்று மெல்ல மெல்லப் பரவும் என்பது உண்மைதான். தோமஸ் கிரகாம் என்ற ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர், பாரிஸ் சாந்து அடைத்த குழாய்க்கூடாக வாயுக்களைப் போகவிட்டு, பாரம் குறைந்த வாயு விரைவாகவும் பாரம் கூடிய வாயு சுணங்கியும் போகும் என்று 1833 இல் காட்டினார். ஐதரசன் ஓடும் ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் காபனீரொட்சைட்டால் ஓட முடியும். பதினைந்து அடிக் கிணறு தன் பாட்டில் தெளிய நாட்கணக்கு எடுக்கும். அதற்குள் நிலம் மறுபடியும் மூச்சு விட்டிருக்கும். "எங்கட கிணறு ஆழமில்லைத்தானே" என்று தீவுப்பகுதியில் சொல்வது வழக்கம். ஆள் உயரத்துக்குக் கெட்ட காற்று நின்றால் போதும், ஆழம் எதற்கு?

காற்றில் ஒட்சிசன் 21 வீதம். அது 10 வீதத்துக்குக் கீழே போனாலும், காபனீரொட்சைட்டு 10 வீதத்துக்கு ஏறினாலும், சில நிமிடங்களுக்குள் நினைவு தப்பிவிடும். மணமில்லை, நிறமில்லை. கறுத்த சேறு உள்ள கிணற்றில் கூழ்முட்டை நாற்றத்தோடு ஐதரசன் சல்பைட்டும் இருக்கலாம். அதிலே ஒரு கொடுமை, அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்கினவர் கதி என்ன? சேறும் ஒரு நுண்டுளைப் பொருள்தான். வருடக்கணக்காக ஊறிய வாயு அதன் துளைகளுக்குள் அடைபட்டிருக்கும். மண்வெட்டி விழுந்து சேறு கலங்கியவுடன் அது மொத்தமாகக் கிளம்பும். ஆதலால் இறங்கும்போது நன்றாக இருந்த கிணறு, கால்மணித்தியாலம் கழித்து நன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

இவ்வளவும் நிலம் செய்வது. நாங்கள் செய்வது மெசினை உள்ளே இறக்குவது. பெற்றோலோ மண்ணெண்ணெயோ எரிக்கும் இறைப்பு மெசின் கக்கும் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அது இரத்தத்தில் ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிணற்றுப் படியில் மெசினை வைத்து ஓடவிட்டுக் கொண்டே கீழே ஆள் நிற்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எந்த ஊர், யார் என்று இங்கே வேண்டாம். உறிஞ்சும் மெசினால் இருபது அடி அளவு ஆழத்தில் இருந்து தண்ணீர் எடுக்க முடியும். எங்கள் தீவுக் கிணறுகள் பலவற்றுக்கு மெசினை உள்ளே இறக்க வேண்டிய தேவையே இல்லை. நீளமான குழாய் வாங்கச் சோம்பல், அவ்வளவுதான்.

இந்தியாவில் அண்மையில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 3 ஆம் திகதி, மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா மாவட்டத்தில் கொண்டாவத் என்ற கிராமம். கங்கௌர் என்பது அங்கே பெண்கள் கொண்டாடும் விழா. சிலைகளைக் கரைப்பதற்காகப் பழைய கிணறொன்றைத் துப்புரவாக்க இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் அகப்பட்டுக்கொள்ள, அவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அகப்பட்டார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2024 ஏப்ரல் 9 ஆம் திகதி, மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் மாவட்டம் வாக்கடி கிராமத்தில், சாணக் கழிவு நிறைந்த ஒரு பாழ்கிணற்றுக்குள் பூனையொன்று விழுந்தது. அதைத் தூக்க ஒருவர் இறங்கினார், அவரைத் தூக்க இன்னொருவர். ஐந்து பேர் போய்விட்டார்கள். இடுப்பில் கயிறு கட்டி இறங்கிய ஒருவர் மட்டும் உயிரோடு மேலே இழுக்கப்பட்டார்.

அந்தக் கயிற்றைக் கவனியுங்கள். கிணற்றுச் சாவுகளின் கணக்கில் முதலாவது ஆளைவிட இரண்டாவது, மூன்றாவது ஆட்கள்தான் அதிகம். அவர்கள் ஓடி வந்து குதிப்பது பாசத்தால். மேலிருந்து இழுக்க வழி இல்லாததாலும்தான்.

சமூகவியல் படித்தவள் என்பதால் எனக்கு இன்னொரு கேள்வியும் வருகிறது. முதலில் இறங்குபவர் யார்? வளவுக்காரர் அல்ல. நாட்கூலிக்கு வந்தவர். அநேகமாகக் காணி இல்லாதவர். பல ஊர்களில் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள அவருடைய பாட்டனுக்கு உரிமை இருந்ததில்லை. காப்புறுதி இல்லை, எழுத்தில் ஒப்பந்தமில்லை. அவருக்கு ஒன்று நடந்தால் ஒரு பெண் தனியே இரண்டு மூன்று பிள்ளைகளோடு நிற்பாள். குடும்பத்தலைவியாகத் தனித்து நிற்கும் பெண்கள் எங்கள் பிரதேசத்தில் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறார்கள். கூலி பேசுவதும் சாப்பாடு கொடுப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஆகவே இந்த விடயத்தில் சொல் செல்லுபடியாகும் இடத்தில் நாங்கள் இருக்கிறோம்.

முடியுமானால் ஆளை இறக்காமலே வேலையை முடிக்கச் சொல்லுங்கள். மெசின் கட்டில் இருந்து பத்தடிக்கு அப்பால், புகை கிணற்றுப் பக்கம் வராத காற்றுத் திசையில் நிற்கட்டும். ஆள் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், முதல்நாளே மூடியைக் கழற்றிவிடுங்கள். வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுப்பது எங்கள் பெரியவர்கள் செய்தது. அது நல்லதுதான், அடிக்காற்றைக் கலக்கும், ஆனால் அது மட்டும் காணாது. ஊதியொன்றை வாடகைக்கு எடுத்து, அதன் குழாயை அடி வரைக்கும் இறக்கி, வெளிக்காற்றை அரை மணித்தியாலமாவது ஊதவிடுங்கள். ஆள் உள்ளே நிற்கும்வரை அது நிற்கக் கூடாது.

விளக்கு இறக்கிப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றிக் கூட்டத்திலே கேட்டார்கள். மெழுகுதிரியைக் கொளுத்தி வாளியில் வைத்து இறக்க, அது அணைந்தால் அந்தக் கிணற்றில் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது, பேச்சே இல்லை. அணையாவிட்டால்? இறங்கலாம் என்று அர்த்தமில்லை. காபனோரொட்சைட்டையும் ஐதரசன் சல்பைட்டையும் விளக்குக் காட்டித்தராது. காபனீரொட்சைட்டும் ஓரளவு இருக்கும்போது திரி எரிந்துகொண்டுதானிருக்கும். எண்ணெய் மணமோ பெற்றோல் மணமோ வரும் கிணற்றில் நெருப்பை இறக்கவே கூடாது, வெடிக்கும்.

இறங்குபவரின் இரண்டு கமக்கட்டுக்கும் கீழாகச் சுற்றி, பாரம் தாங்கும் கயிறு கட்டியிருக்க வேண்டும். வாளிக் கயிறு ஆளைத் தாங்காது. மேலே இரண்டு பேர் கயிற்றை விடாமல் நிற்கட்டும். தேத்தண்ணீர் குடிக்கவென்று ஒருவர் போனால் கீழே இருப்பவர் அதற்கு முன் மேலே வரவேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் சுணங்கினால், தலை சுற்றுகிறது என்றால், உடனே இழுங்கள், காரணம் பிறகு கேட்கலாம். எது நடந்தாலும் இன்னொருவர் குதிக்கக் கூடாது. மேலே எடுத்தவரைக் காற்றோட்டத்தில் கிடத்தி, மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். அம்புலன்சுக்கு 1990. தீவுப்பகுதியில் வாகனம் வந்து சேர நேரம் எடுக்கும் என்பதால், மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் அன்றைக்கு அந்த வளவில் நிற்பது பெரிய உதவி. மாதர் சங்கங்கள் முதலுதவி வகுப்புக் கேட்டு எழுதும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வெளிநாட்டு உறவுகளுக்குப் பட்டியல் அனுப்பும் சகோதரிகள் சீமெந்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதலாம்: நல்ல கயிறு, ஊதி வாடகை. ஒரு மூடை சீமெந்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. மடத்துவெளிச் சகோதரியின் பட்டியலில் அந்த இரண்டு வரியும் ஏறிவிட்டன. மெசின் வாடகைக்காரருக்கும் நீளக் குழாய் கொண்டுவரச் சொல்லியாயிற்றாம்.

வேலை முடிந்த பின் கிணற்றைத் தகரத்தால் இறுக்கி மூடாதீர்கள். நுளம்புக்கும் சருகுக்கும் பயமென்றால் இரும்புச் சட்டத்தில் நுளம்பு வலை அடித்து மூடுங்கள். சருகு விழாது, பிள்ளைகளும் விழமாட்டார்கள், காற்றுப் போய்வரும்.